உட்காரச் சொன்னால் எழுந்திருக்கும் பிள்ளைகள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறும் சாலையில் காவலூர் என்றோர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். வானியலில் ஆர்வமுள்ள வாசகர்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968-ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியுடன் அங்கே வானாய்வு தொடங்கியது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று கண்டறியப்பட்டபோது, அதற்குச் சான்று தந்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அதே 1968-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் வேறொரு வகையான ஆய்வில் இறங்கியிருந்தார்கள். அவர்களிடம் தொலைநோக்கி இல்லை. கடிகாரமும் பென்சிலும் தாளும்தான் இருந்தன. அவர்கள் பார்த்தது நட்சத்திரங்களை அல்ல. முதல் வகுப்புப் பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எப்போது எழுந்து ஓடுகிறது, எப்போது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறது, அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே போனார்கள். அதில் தெரிந்த செய்தி, பள்ளிக்கூடம் தோன்றிய நாள் முதல் நாம் நம்பிவந்த ஒன்றைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அது என்ன என்பதைச் சொல்லுமுன் மலையிலேயே சற்று நிற்போம்.

ஜவ்வாது மலையில் வாழும் மக்கள் மலையாளிகள். இப்பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்வோர் என்பதே இதன் பொருள். இவர்கள் பேசுவது தமிழ்; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். சாமை விதைப்பதும், புளி உலுக்குவதும், ஆடு மேய்ப்பதும், தேன் எடுப்பதும் இவர்களுடைய தொழில்கள். இவற்றில் எதையும் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து செய்ய முடியாது. ஆறு வயது வரை ஓடியாடித் திரிந்த மலைப் பிள்ளையை ஒரு நாள் காலை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்கிறோம். பல பிள்ளைகளுக்கு அதோடு உண்டு உறைவிடப் பள்ளி வாழ்க்கையும் சேர்ந்துகொள்கிறது. வீட்டை விட்டு, அம்மாவை விட்டு, விடுதியில் தங்க வேண்டும்.

அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் எழுந்து திரிந்தால் அது குறும்பா, பழக்கமா, பசியா, பாடம் புரியாமையா? பிரம்புக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. சமவெளியில் அடி வாங்கிய பையன் மறுநாளும் பெரும்பாலும் பள்ளிக்கு வந்துவிடுவான். வீட்டிலும் போ என்றுதான் விரட்டுவார்கள். மலையில் அப்படி இல்லை. எழுத்தறிவின் வாசலை அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மிதிக்கும் பிள்ளை அவன். போகப் பிடிக்கவில்லை என்றால் காடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, அப்பாவோடு வெளியூர் வேலை இருக்கிறது. அடித்தவர் ஐந்து நிமிட அமைதியைப் பெறுகிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே போய்விடுகிறது.

பிரம்பு நமக்கு எப்போது வந்தது என்று தேடப் போனால் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். ஆனால் அது எப்படிப் புழங்கியது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று ஆட்சியர்களைக் கேட்டார். பதில்களை 1826-இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் கணக்கில் வந்தார்கள். பல ஆட்சியர்கள் எண்களை மட்டும் அனுப்பினார்கள். பல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் மட்டும் 1823-இல் நீண்டதொரு கடிதமே எழுதினார். பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

அவர் கண்ட பள்ளியில் காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், அது பெருமை. இரண்டாவதாக வருபவனுக்குக் கையில் ஒரு சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அப்படியே ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் கடைசிப் பிள்ளையின் கதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சோம்பேறிக்குச் சவுக்கடி உண்டு. இரு கைகளையும் கட்டிக் கப்பி வைத்துக் கூரையில் தொங்க விடுவதும் உண்டு. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் என்று பெயர் பெற்றது இவ்வகைத் தண்டனைதான். ஓயாமல் மண்டியிட்டு எழச் செய்வதும் அவர் பட்டியலில் இருக்கிறது. வேதனையானது என்றாலும் உடம்புக்கு நல்லதாயிருக்கலாம் என்று கேம்ப்பெல் அதற்கு ஒரு குறிப்பு வேறு எழுதி வைத்தார். தோப்புக்கரணத்தின் உடல்நலப் பயனைப் பற்றிப் பேசிய முதல் ஆங்கிலேயர் அவராகத்தான் இருக்க வேண்டும்!

ஆனால் அதே கடிதத்தில் அவர் மனமாரப் பாராட்டிய ஒன்றும் உண்டு. முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார். இங்கிலாந்து எப்படிப் பின்பற்றியது? அந்தக் கதை சென்னை எழும்பூரில் நடந்தது.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தில் 1753-இல் பிறந்தவர், பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள் அப்பிள்ளைகளில் பலர். இவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள், திருத்த முடியாதவர்கள் என்பது அன்றைய வெள்ளையர் சமூகத்தில் பலருடைய எண்ணம். பெல் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளிடம் கோளாறு இல்லை, பள்ளி நடக்கும் விதத்தில் கோளாறு என்று நினைத்தார்.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மலபார் என்று அவர் எழுதியது தமிழ்ப் பள்ளியைத்தான். தமிழரை அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். (ஜவ்வாது மலையாளிக்கு நேர்ந்ததைப் போல இங்கும் ஒரு பெயர்க் குழப்பம்.) எழும்பூர் திரும்பியதும் அரிச்சுவடி வகுப்புக்கு மணல் பரப்பச் சொன்னார். உதவி ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை, முடியாது என்றார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, இந்த வகுப்பு இனி உன்னுடையது என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். பிறகு வகுப்புக்கு வகுப்பு மாணவ ஆசிரியர்கள் வந்தார்கள். வல்ல பிள்ளைக்குப் பக்கத்தில் வலுவற்ற பிள்ளை உட்கார்ந்தது. இருவரும் ஒரு சோடி.

நாம் பார்க்க வேண்டியது இதற்கடுத்த செய்தி. குற்றங்களை எழுத ஒரு கறுப்புப் புத்தகம் வைத்தார் பெல். யாரையும் அந்த இடத்திலேயே அடிப்பதில்லை. வாரம் ஒரு முறை பள்ளி முழுதும் கூடும். புத்தகத்தில் உள்ளதைப் படிப்பார்கள். குற்றம் செய்தானா, என்ன தண்டனை என்று சொல்வது ஆசிரியர் அல்ல, மாணவர்களே கூடிய நடுவர் குழு. அவர்கள் விதித்த தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் பெல்லுக்கு உரிமை இருந்தது. மாதக்கணக்கில் ஒரு தண்டனை கூடத் தேவைப்படாத காலமும் இருந்தது என்று தம் அறிக்கையில் அவர் எழுதுகிறார். தம் பள்ளியைத் தாமே புகழ்கிறார் என்று சற்றுத் தள்ளி வைத்துப் படித்தாலும் ஒன்று விளங்குகிறது. கோபம் வந்த நிமிடத்துக்கும் தண்டனை தரும் நிமிடத்துக்கும் இடையே சில நாட்களை அவர் புகுத்தினார். மேலும் பெல்லின் பள்ளியில் சும்மா இருக்க யாருக்கும் நேரமில்லை. படிக்காதவன் படித்துக்கொண்டிருந்தான், படித்தவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

பெல் 1796-இல் கப்பலேறினார். 1797-இல் இலண்டனில் அவருடைய அறிக்கை அச்சாயிற்று. 'மதராஸ் முறை' என்ற பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

முறை பரவியபோது அதன் உயிர்நாடி பரவியதா என்பது வேறு கேள்வி. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798-இல் தொடங்கிய பள்ளியும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தது. பிரம்பை வெறுத்தவர் அவர். நன்றாக நடப்பவர்களுக்குச் சீட்டுகள் கொடுத்தார். சீட்டுச் சேர்த்தால் பரிசு. ஆனால் குறும்பு செய்தவன் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார். சிலரைக் கூடையில் வைத்து எல்லோரும் பார்க்கக் கூரையில் தொங்கவிட்டார். உடம்பில் விழுந்த அடி மனத்தில் விழுந்தது, அவ்வளவுதான். மாணவத் தலைவர்களும் நாளடைவில் குட்டி அதிகாரிகள் ஆனார்கள். இதில் நமக்கு வியப்பில்லை. திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்தபடியாக இருந்தவன் சட்டாம்பிள்ளை. அவன் எப்படி நடந்துகொண்டிருப்பான் என்பதைச் சட்டாம்பிள்ளைத்தனம் என்ற சொல்லே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி 1968-க்குப் போகலாம். இல்லினாய்ஸில் வெஸ்லி பெக்கர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. 'உட்கார்!' என்று ஆசிரியர் அதட்டுகிறாரே, அதனால் பிள்ளைகள் உட்காருகிறார்களா?

முதல் வகுப்பு ஒன்றில் 48 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். முதலில் சில நாட்கள் வழக்கம்போல் நடக்கவிட்டு, எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். பிறகு, எழுந்து நிற்பவர்களை 'உட்கார்' என்று இன்னும் அதிகமாக அதட்டுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எழுந்து நிற்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது! அதட்டலைப் பழைய அளவுக்குக் குறைத்தால் அதுவும் குறைந்தது. மீண்டும் கூட்டினால் மீண்டும் கூடியது. கடைசியில், நிற்பவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டச் சொன்னார்கள். அப்போதுதான் எழுந்து திரிவது உண்மையாகவே குறைந்தது.

ஏன் இப்படி? அதட்டியதும் அந்தப் பிள்ளை உட்காரத்தான் செய்கிறது. ஆசிரியர் அதைப் பார்க்கிறார். அதட்டல் பலிக்கிறது என்று நினைக்கிறார். ஆகவே மேலும் அதட்டுகிறார். ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த அரைமணி நேரம் அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்றான், உடனே ஆசிரியர் தன் பெயரைச் சொல்லித் தன்னைப் பார்த்தார். கோபப் பார்வையானாலும் பார்வைதானே. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எழுகிறான். ஒரே நேரத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் பாடம் கற்பித்துக்கொள்கிறார்கள், தெரியாமலே. ஒரு செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறதோ அதைப் பொறுத்து அச்செயல் வளரும் அல்லது தேயும் என்று பி.எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் காட்டிய விதிதான் இங்கே வகுப்பறையில் வேலை செய்தது.

அதே ஆண்டு இதே குழுவினர் அமைதியான வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆசிரியரின் பாராட்டுச் சொற்களை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். வகுப்பு கலைந்தது. கண்டிப்பை மூன்று மடங்காக்கியபோது கூச்சலும் ஓட்டமும் இன்னும் கூடின. இன்னோர் ஆய்வில், விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினால் போதுமா என்று பார்த்தார்கள். விதிகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. நம் பள்ளிச் சுவர்களில் எழுதியிருப்பவை நினைவுக்கு வருகின்றன அல்லவா?

இங்கே ஜேக்கப் கூனின் என்ற அறிஞரைச் சொல்லாமல் விட முடியாது. கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தார். மற்ற மாணவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து, ஒருவரைக் கண்டித்தால் மற்றவர்களிடம் என்ன நடக்கிறது என்று ஆராயப் புறப்பட்டார். பல வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு அவருக்கே ஏமாற்றம்தான். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில், நல்ல வகுப்புக்கும் கலைந்த வகுப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடே இல்லை. வேறுபாடு அதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியருக்கு முதுகிலும் கண் இருப்பதுபோல் வகுப்பு முழுதும் தெரிந்துகொண்டே இருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு அவர் தடங்கலின்றிப் போனார். பிள்ளைகளை வேலையின்றிக் காத்திருக்க விடவில்லை. எழும்பூரில் பெல் கண்டதும் இதுதானே.

1969-இல் கான்சஸ் மாநிலத்திலிருந்து வந்த ஆய்வு ஒரு விளையாட்டைப் பற்றியது. முரியல் சாண்டர்ஸ் என்ற ஆசிரியையின் நான்காம் வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் 7 பேர் தலைமையாசிரியர் வரை புகார் போனவர்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். யாராவது அனுமதியின்றி எழுந்தால், பேசினால், அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணி வெல்லும். இரண்டு அணியிலும் கோடுகள் மிகக் குறைவாக இருந்தால் இரண்டுமே வெல்லும். பரிசு பெரிதல்ல: சட்டையில் ஒரு பட்டை, சாப்பாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்கும் உரிமை, நாள் முடிவில் பிடித்த வேலை செய்ய அரைமணி நேரம். முன்பு பார்த்த இடைவெளிகளில் நூற்றுக்கு 96-இல் பேச்சு இருந்தது. அது 19 ஆயிற்று. எழுந்து திரிவது 82-இலிருந்து 9-க்கு வந்தது. மூவர் சேர்ந்து எழுதிய அக்கட்டுரையின் நேர்மையை நான் விரும்புகிறேன். இரண்டு பிள்ளைகள் நாங்கள் இந்த ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று அடம்பிடித்ததையும், அவர்களால் அணி தோற்கக் கூடாதென்று அவர்களைத் தனியே பிரிக்க நேர்ந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பின்னர் 1985-இல் பால்டிமோர் நகரில் ஷெப்பர்ட் கெல்லம் என்பவர் இதே விளையாட்டை முதல் வகுப்புகளில் ஆடவைத்து, பிள்ளைகள் வளர்ந்து 19, 21 வயதாகும் வரை தொடர்ந்து பார்த்தார். ஆறு வயதில் முரடர்கள் எனப்பட்ட ஆண் பிள்ளைகளிடையே, விளையாட்டு ஆடியவர்கள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்தில் விழுந்தது குறைவாக இருந்தது. கரும்பலகைக் கோடுகளின் பயன் அவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது.

பரிசு என்றால் எப்போதும் நல்லதா? இல்லை. 1973-இல் மார்க் லெப்பர் முதலியோர் செய்த சோதனை ஒன்று. வண்ணப் பேனாவால் ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பின் அப்பிள்ளைகளின் ஆசை குறைந்துவிட்டது. தானாகச் செய்வதற்குக் கூலி கொடுத்தால் அது வேலையாகிவிடுகிறது.

நம் நாட்டில் சட்டம் மெல்லத்தான் வந்தது. உடல் தண்டனைக்கு இடம் தந்திருந்த தமிழ்நாடு கல்வி விதி 2003-இல் திருத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது. லங்காஸ்டரின் கூடையும் இதில் அடங்கிவிடும்.

ஆனால் பிரம்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? 2003-இலேயே சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஒரு விடை முளைத்தது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், முன்பு வேலூர் மாவட்ட ஆட்சியராகக் குழந்தைத் தொழிலாளர்களைப் பள்ளிக்கு மீட்டுவரும் பணியில் ஈடுபட்டவர். சென்னை ஆசிரியர்கள் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிக்குப் போய், அங்கே கிராமப் பள்ளிகளில் நடந்த அட்டை முறையைப் பார்த்து வந்தார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. பாடம் ஏணிப்படி ஆயிற்று. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எழுந்துபோய் எடுத்து வந்தது. சுவரின் அடியில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். எழுந்து நடப்பது நேற்றுவரை குற்றம். இப்போது அதுவே பாடத்தின் ஒரு பகுதி. கோடு போட்டு எண்ண வேண்டிய செயல் பாதி மறைந்தே போயிற்று. முறையில் குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, நிரப்ப வேண்டிய பதிவேடுகள் பெருகின, படி ஏறியவன் உண்மையில் கற்றானா என்ற ஐயமும் எழுந்தது. பின்னர் எளிமைப்படுத்தினார்கள்; 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதிலும் பாட்டும் ஆட்டமும் குழு வேலையும் உண்டு.

ஜவ்வாது மலையைப் போன்ற இடத்தில் இந்த வரலாற்றுக்குத் தனிப் பொருள் இருக்கிறது. ஓரிரு ஆசிரியர்கள் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் சிறு பள்ளியில், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கூனின் சொன்ன வெற்று நேரம் அதுதான். அங்கே அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதும், பிள்ளை தன் அட்டையைத் தானே எடுப்பதும் புதுமைக்காகச் செய்வதல்ல. வேறு வழியே கிடையாது. வீட்டில் தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு ஆடும் மேய்க்கிற பத்து வயதுச் சிறுமிக்குப் பொறுப்பு ஏற்பது புதிதுமல்ல.

இதைப் படிக்கும் நீங்கள் ஆசிரியராகவோ ஆசிரியப் பயிற்சி மாணவராகவோ இருந்தால், காவலூரில் செய்வதைப்போல் முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குப் போகும்போது இடப்பக்கச் சட்டைப் பையில் இருபது புளியங்கொட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் பிள்ளையைப் பெயர் சொல்லி, என்ன செய்தது என்பதையும் சொல்லிப் பாராட்டும்போதெல்லாம் ஒரு கொட்டையை வலப்பைக்கு மாற்றுங்கள். 'உட்கார்', 'பேசாதே' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மேசை மேலுள்ள தாளில் ஒரு கோடு. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எண்ண மட்டும் செய்யுங்கள். முதல் நாள் மாலை வலப்பையில் இரண்டோ மூன்றோ கொட்டைதான் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். இல்லினாய்ஸ் ஆசிரியர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். இரண்டாம் வாரம் இருபது கொட்டையும் மாறும்வரை மணி அடிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டு, தாளில் கோடுகள் எத்தனை என்று பாருங்கள்.